நாற்பத்திரண்டாவது வாரத்துக் கிழங்கு

எங்கள் ஊரில் தேதி சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது. வாரம் சொல்ல வேண்டும். பல் டாக்டர் பதினொன்றாவது வாரம் வரச் சொல்வார். தங்கச்சி வீட்டுக் கல்யாணம் இருபத்தாறாவது வாரம். நாளைக்கு நான் செத்தால்கூட, "எந்த வாரம்?" என்று கேட்டுக்கொண்டுதான் பாதிரியார் டயரியைத் திறப்பார். டென்மார்க்காரன் புத்தி அப்படி. வாரம் குறித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி அவனுக்கு ஒரு நிம்மதி.

இந்த வாரங்களுக்குள் நாற்பத்திரண்டாவது வாரம் பெரிய மனுஷன். அக்டோபர் நடுவில் வரும். நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் லீவு. அதற்குப் பெயரே உருளைக்கிழங்கு லீவு. ஒரு காலத்தில் பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கப் போக வேண்டும் என்று விட்டது. இப்போது கிழங்கை இயந்திரம் தோண்டுகிறது, பிள்ளைகள் ஸ்பெயினுக்கு வெயில் காயப் போகிறார்கள். லீவை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதைப் பார்த்து எங்கள் நகராட்சிக்கு மனசு பொறுக்கவில்லை. இளைஞர்களுக்கு நேரடிச் செயல்முறை வேளாண் கல்வி கொடுத்தே தீருவது என்று "கையும் மண்ணும்" என்று ஒரு திட்டம் போட்டார்கள். பதினான்கு பேர் வேலைக்கு வந்தார்கள். ஒரு ஒருங்கிணைப்பாளர், ஒரு துணை ஒருங்கிணைப்பாளர், இவர்கள் ரெண்டு பேரையும் ஒருங்கிணைக்க இன்னொருவர். விவசாயம் தெரிந்த ஆள் மட்டும் யாரும் இல்லை. அதனால் என் பக்கத்து வீட்டு ஸ்வென்னிங்கிடம் ஒரு ஏக்கர் நிலம் கேட்டு வாங்கினார்கள்.

ஸ்வென்னிங் வடக்கு யூலாண்டு ஆள். வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று பயப்படுகிற ரகம். ரொம்ப நல்லாயிருந்தால் "மோசமில்ல" என்பார். அவர் மனைவி இறந்த அன்றைக்கு, "கொஞ்சம் சிரமந்தான்" என்றார். அதற்கு மேல் அவர் துக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் பெயர் ஐவின். நாலாம் நம்பர் பஸ் ஓட்டுகிறேன். விவசாயத்துக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. நான் இந்தக் கூத்துக்குள் வந்தது என் மகள் அல்பெர்த்தேயால்.

அவளுக்குப் பதினாலு வயது. பதினாலு மாசமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் ஷூவைக் கையில் எடுத்தாள், போடவில்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவள் அம்மாவும் நானும் பிரிந்து ஆறு வருஷம், அம்மா கோபன்ஹேகனில் இருக்கிறாள். வீட்டில் நானும் அந்தக் கதவும்தான். நகராட்சியிலிருந்து எட்டுப் பேர் வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஏலக்காய் பன் தின்றுகொண்டே, "இன்னைக்கு எப்படி இருக்கே? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லேன்" என்று கேட்டார்கள். அவள் "அஞ்சு" என்றாள். போன மாசமும் அஞ்சுதான். "நிலைமை சீராக உள்ளது" என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் "கையும் மண்ணும்" கடிதம் வந்தது. கூடவே ஒரு வரைபடம். நான் அதைச் சமையலறை மேஜையில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இது என் ஜன்னல்ல தெரியற நிலம்தானே?"

மாசக்கணக்கில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அந்த நிமிஷம் நகராட்சி என்னைத் தலைகீழாக நிற்கச் சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். பின்னால் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள், நானும் நின்றேன்.

முப்பது பேருக்குக் கடிதம் போனது. வந்தவர்கள் நாலு பேர். அதில் மூன்று பேர் திட்ட ஊழியர்களின் சொந்தப் பிள்ளைகள். நாலாவது ஆள் அல்பெர்த்தே. மண்ணைத் தொடுவதற்கு முன்னால் மூன்று வாரம் உடற்பயிற்சிக் கூடத்தில் "மண்ணுக்கு முந்தைய வகுப்பு" நடந்தது. வட்டமாக உட்காரவைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் மண்ணைப் போட்டு மூடி, கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் வெறும் தரையில் மண்வெட்டியில்லாமல் தோண்டிப் பழகினார்கள். முதுகு எப்படி, முழங்கால் எப்படி, மூச்சு எப்படி. கடைசி நாள் மண்வெட்டி வந்தது. எங்கள் பக்கம் கிழங்கு தோண்டுகிற நாலு பல் மண்வெட்டி. நாலு பல்லின் முனையிலும் தக்கை செருகியிருந்தார்கள்.

ஸ்வென்னிங் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "தக்கையோட மண்ணுல எப்படிம்மா இறங்கும்?"

"இறங்காது. அதான் பாதுகாப்பு!" என்றாள் பொலெட்டே. அவள்தான் தலைமை ஒருங்கிணைப்பாளர். எப்போதும் சிரிக்கிற பெண். கெட்ட மனசெல்லாம் கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். காகிதத்தில் இல்லாத எதுவும் அவள் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

பதினேழாவது வாரம் நடவு. மற்ற மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு ரெண்டு கிழங்கு நட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, சாசேஜ் வண்டிப் பக்கம் போய்விட்டார்கள். மிச்ச ஏக்கரை ஸ்வென்னிங் இயந்திரத்தில் நட்டு முடித்தார். அல்பெர்த்தே மட்டும் ஓரத்தில் ஒரு வரிசையைக் கையால் போட்டாள். தக்கையைப் பிடுங்கி ஜோபியில் வைத்துக்கொண்டாள். குழிக்குக் குழி ஒரு ஷூ நீளமும் இன்னொரு அரை ஷூவும். தன் காலாலேயே அளந்து இருபது குழி. சிவப்புத் தோல் ரகம். நான் வேலிக்கு வெளியே பஸ் சீருடையில் நின்று பார்த்தேன், எண்ணிக்கொண்டே பார்த்தேன்.

முடித்துவிட்டு, முழங்காலெல்லாம் மண்ணோடு என்னிடம் ஓடிவந்தாள். "அப்பா, கடைசிக் குழியில..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் பொலெட்டே கேள்வித்தாளை நீட்டிவிட்டாள். ஐந்து முகங்கள், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம்வரை, ஒன்றில் வட்டம் போட வேண்டும். அல்பெர்த்தே வட்டம் போட்டாள். சொல்ல வந்ததை மறந்துவிட்டாள், நானும் கேட்கவில்லை. மறுநாளே அந்த வரிசையில் ஒரு பலகை முளைத்தது: "அல்பெர்த்தேயின் வரிசை. 20 குழி. கற்றல் நடைபெறுகிறது."

அந்தக் கோடைக்காலத்தை என்னவென்று சொல்வேன்! சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தால் கதவு திறந்து கிடக்கும், அறை காலியாக இருக்கும். பெண் வயலில் இருப்பாள். களை எடுப்பாள், மண் அணைப்பாள், வரப்பில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டி தின்பாள். வெயில்பட்டு மூக்கில் தோல் உரிந்தது. ஒருநாள் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இங்க என்னம்மா பிடிச்சிருக்கு உனக்கு?"

ஒரு களையைப் பிடுங்கிப் போட்டாள். "மண்ணு எதையும் கேக்க மாட்டேங்குது அப்பா. எப்படி இருக்கே, ஏன் இப்படி இருக்கே, ஒண்ணுமே கேக்கல. போட்டா வரும். போடலைன்னா வராது. அவ்வளவுதான். மத்தவங்க எல்லாரும் ஒண்ணு நினைச்சுக்கிட்டு வேற ஒண்ணு பேசறாங்க."

"நானுமா?"

"நீ பரவாயில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "இதைத் தோண்டி முடிச்சதும் ஸ்கூலுக்கு ஒரு நாள் போய்ப் பாக்கறேன். வியாழக்கிழமை மட்டும். வியாழன்னா கூட்டம் கம்மி" என்றாள்.

அந்த வியாழக்கிழமையை நான் நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் யார் என்ன திட்டினாலும் உறைக்கவில்லை.

முப்பத்தெட்டாவது வாரம் ஸ்வென்னிங் தன் நிலத்தையெல்லாம் தோண்டி முடித்தார். திட்டத்தின் ஒரு ஏக்கர் மட்டும் மிச்சம். செடி காய்ந்து படுத்துவிட்டது. மண் உதிரியாக, பதமாக இருந்தது. அவர் நகராட்சிக்குப் போனார், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு.

எங்கள் ஊரில் கூட்டம் என்றால் முதலில் காபி, அப்புறம் எல்லோரும் எழுந்து நின்று ஒரு பாட்டு, அப்புறம்தான் விஷயம். அன்றைக்கு இலையுதிர் காலத்தைப் பற்றி நாலு சரணம் பாடினோம். ஸ்வென்னிங் உதட்டை மட்டும் அசைத்தார்.

"கிழங்கு தயார். இப்பத் தோண்டணும். மழை வருது" என்றார்.

பொலெட்டே அட்டவணையைப் பார்த்தாள். "அறுவடை நாற்பத்திரண்டுலதான் இருக்கு. உருளைக்கிழங்கு லீவு நாற்பத்திரண்டுலதானே?"

"கிழங்குக்கு வாரக் கணக்கு தெரியாதே."

"அதைத்தான் பிள்ளைங்க கத்துக்கப் போறாங்க!" என்றாள் பொலெட்டே, முகமெல்லாம் மலர்ந்து.

அப்போது இளைஞர் நலக் குழுத் தலைவர் ப்ரேபன் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். கையில் பன்.

"நண்பர்களே, இன்றைய தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்று சொல்கிறோம். இயற்கைக்காகக் காத்திருக்க இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். அதே சமயம், இது ஒரு ஜனநாயக நாடு. இளைஞர்களுக்காகக் காத்திருக்க இயற்கையும் கற்றுக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே தோண்டினால் நமக்குக் கிழங்கு கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் கிழங்குக்காகவா இதைத் தொடங்கினோம்?"

கைதட்டினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வெளியே வந்ததும் ஸ்வென்னிங் வானத்தைப் பார்த்தார். "புத்திசாலித்தனமா தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து அது கெட்ட வார்த்தை.

நாற்பதாவது வாரம் அல்பெர்த்தே காலையிலேயே மண்வெட்டியோடு கிளம்பினாள். "இன்னைக்குத் தோண்டிரலாம் அப்பா. மண்ணு நல்லா இருக்கு." நானும் கூடப் போனேன். வயலைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. "கற்றல் பகுதி. அனுமதியின்றி அறுவடை செய்யாதீர்." பொலெட்டேக்குப் போன் போட்டேன். பத்து நிமிஷத்தில் சைக்கிளில் வந்துவிட்டாள்.

"ஐயோ, அவ வரிசைதானே நமக்கு முக்கியமான வரிசை! டிவிக்காரங்க வர்றாங்க. இன்னும் ரெண்டே வாரம். ஐவின், நீங்க சொன்னா கேப்பா."

அந்த நாடா என் இடுப்பு உயரம்கூட இல்லை. ஒரு கால் தூக்கினால் தாண்டியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்க்காரன் ஆளில்லாத தெருவில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் நின்றுதான் பழக்கம். அதிலும் நான் பஸ் டிரைவர்.

"ரெண்டு வாரம்தானேம்மா" என்றேன் அல்பெர்த்தேயிடம்.

"மழை வந்தா?"

"அவங்க எல்லாம் யோசிச்சுத்தான் வச்சிருப்பாங்க."

அவள் என்னைப் பார்த்தாள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள், வீட்டுக்கு நடந்தாள். பாவி நான், அன்றைக்கு அந்தக் காலைத் தூக்கியிருக்கலாம்.

நாற்பத்தொன்றாவது வாரம் முழுக்க மழை. சும்மா தூறலில்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வரிசைகளுக்கு நடுவில் தண்ணீர் நின்று வாத்து நீந்தியது. அல்பெர்த்தே ஜன்னலிலிருந்து நகரவில்லை. பொலெட்டே முன்னேற்பாடாக வயல் ஓரத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பந்தல் கூடாரம் போட்டாள். முதல் ஆறு வரிசையும் அதற்குள் வந்தன, அல்பெர்த்தேயின் வரிசையும் சேர்த்து. ஆனால் அடியில் ஊறுகிற தண்ணீருக்குக் கூடாரம் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்கள். கூடாரத்துக்குள் திட்ட ஊழியர்கள் அத்தனை பேரும், ப்ரேபனும், ஸ்வென்னிங்கும் நின்றார்கள். உள்ளே நுழைந்ததுமே நாற்றம் தெரிந்தது. அழுகின கிழங்கு நாற்றம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம், தெரியாதவர்கள் தெரியாமலே இருக்கட்டும். அல்பெர்த்தேயின் முதல் குழியில் கையை விட்டேன். விரலுக்கிடையில் கஞ்சி மாதிரி வழிந்தது. ரெண்டாவது குழியைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

அவசரக் கூட்டம் நடந்தது. காபி உண்டு, பாட்டு மட்டும் இல்லை. நாற்பத்து மூன்றாவது வாரத்துக்குத் தள்ளலாமா என்று ஊழியர்களில் ஒரு பையன் கேட்டதற்கு, அந்த வாரம் "குளிர்கால சாலைப் பாதுகாப்பு" இருக்கிறது என்றார்கள். கடைசியில் பொலெட்டே வழி கண்டுபிடித்தாள். அதற்குப் பெயர் "விளைச்சல் ஆதரவு". அதாவது, கடையிலிருந்து இருநூறு கிலோ கிழங்கு வாங்கி வரிசையில் புதைப்பது.

"கடைக் கிழங்கு கழுவினதாச்சே" என்றார் ஸ்வென்னிங்.

"அழுக்காக்கிடலாம்" என்றார் ப்ரேபன்.

சொன்னபடி செய்தார்கள். பூந்தொட்டிக்குப் போடுகிற பை மண்ணைக் கொட்டிப் பழைய சேற்றை மூடினார்கள். ஒரு தொட்டியில் சேறு கரைத்து, பளபளவென்று இருந்த கிழங்குகளை ஒவ்வொன்றாக முக்கி, உருட்டி, காயவைத்தார்கள். நகராட்சிக் கல்வித் துறையில் இருபது வருஷம் குப்பை கொட்டினவர்கள் முதல்முறையாக மண்ணைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான். ரொம்ப சந்தோஷமாக இருந்தார்கள். துணை ஒருங்கிணைப்பாளர், "மனசுக்கு என்னமா இதமா இருக்கு!" என்றார். ப்ரேபன் கன்னத்தில் சேறு ஒட்டியிருந்தது. ஸ்வென்னிங் தொப்பியை மாட்டினார்.

"மாட்டுக்குத் தீனி போடணும்" என்றார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "யோவ் ஐவின். உன் பொண்ணு வரிசையிலயுமா?"

எனக்கு அந்த வியாழக்கிழமை வேண்டியிருந்தது. அவள் மண்வெட்டியைப் போடும்போது உள்ளே ஒன்றுமில்லாமல் அந்த நாற்றம் மட்டும் வந்தால், கதவு திரும்பச் சாத்திக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். நகராட்சி வாங்கினது எல்லாம் வெள்ளைக் கிழங்கு. நான் காரை எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கிச் சிவப்புக் கிழங்கு வாங்கினேன். ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுவாள் என்று பெரிசு, சிறிசு, கோணல் எல்லாம் பொறுக்கினேன். ஒன்றில் வடு இருந்தது, அதை விசேஷமாக எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து, பலகையைப் பார்த்து, ஒரு குழி விடாமல் இருபது குழியிலும் புதைத்தேன். கடைசிக் குழியில்தான் நிறைய வைத்தேன், ஏழு கிழங்கு. கடைசியில் அவள் முகம் மலரட்டும் என்று. என் பிள்ளைக்காக நான் இவ்வளவு பாசத்தோடு ஒரு காரியம் செய்ததே இல்லை.

திங்கட்கிழமை. நாற்பத்திரண்டாவது வாரம். கொடி ஏற்றினார்கள். பிள்ளைகள் நாலு பேர், பெரியவர்கள் முப்பத்தொரு பேர். பிள்ளைகளுக்கு ஹெல்மெட், பளபளக்கிற மஞ்சள் சட்டை, ரெண்டு அடுக்குக் கையுறை. எல்லோரும் எழுந்து பாடினோம். ப்ரேபன் பேசினார்.

"மண் பொய் சொல்லாது! நாம் எதை அதனிடம் கொடுக்கிறோமோ அதையே அது திருப்பிக் கொடுக்கும். இந்த உண்மையைப் புத்தகத்தில் படிக்க முடியாது. கைகளால்தான் அறிய முடியும். என் கைகளைப் பாருங்கள்!" என்று ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நகத்தில் இன்னும் சேறு இருந்தது. டிவிக்காரர்கள் கிட்டே வந்து படம் எடுத்தார்கள்.

மற்ற பிள்ளைகள் தோண்டி, கத்தி, குதித்தார்கள். அப்புறம் அல்பெர்த்தேயைக் கூப்பிட்டார்கள். நேரம் குறைவாம், கடைசிக் குழி மட்டும் போதுமாம். "இருபதாவது குழி!" என்று பொலெட்டே மைக்கில் அறிவித்தாள்.

அல்பெர்த்தே கொஞ்சம் தயங்கினாள். "அதுவா? வேற ஏதாவது தோண்டட்டுமா?"

"அதேதான்! கேமரா அங்கதான் இருக்கு."

அவள் வரிசையின் தலைப்பக்கம் போய் நின்று, ஒரு ஷூ, அரை ஷூ என்று காலால் அளந்துகொண்டே நடந்தாள். ஏதோ சடங்கு என்று நினைத்து எல்லோரும் தாளத்துக்குக் கைதட்டினார்கள். இருபதில் நின்றாள். மண்வெட்டியை இறக்கிப் புரட்டினாள். சிவப்புக் கிழங்கு ஏழு, உருண்டு விழுந்தன.

"அடேயப்பா!" என்றார்கள் எல்லோரும்.

அவள் குனிந்தபடியே நின்றாள். ஒன்றை எடுத்துப் பார்த்தாள், வடு இருந்த கிழங்கு. அப்புறம் தலையைத் தூக்கி என்னைத் தேடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். நான் சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பஸ் டிரைவர் நகத்தில் எதற்கு மண்?

டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டினாள். "எப்படி இருக்கு அல்பெர்த்தே, உன் கையால விளைஞ்சதைப் பாக்கறப்ப?"

என் பெண் கிழங்கைக் கீழே வைத்தாள். அப்புறம் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததில்லை. பொலெட்டே சிரிக்கிற அதே சிரிப்பு.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்த ஏழையும் வேகவைத்தேன். பன்றிக்கறி வறுத்து, பார்ஸ்லி போட்டு வெள்ளைக் குழம்பு செய்தேன். அவளுக்குப் பிடித்தது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் தட்டைக் காலி செய்துவிட்டு, முள்கரண்டியை ஓரமாக வைத்தாள்.

"அப்பா, இருபதாவது குழியில நான் எதுவும் நடலை. விதை பத்தொன்பதுதான் இருந்துச்சு. குழியைச் சும்மா மூடிட்டேன். அன்னைக்கே உங்கிட்ட சொல்ல வந்தேன்."

"அம்மாடி..." என்று மட்டும் சொன்னேன்.

"பரவாயில்ல. நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அறைக்குள் போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சாத்தினாள்.

வியாழக்கிழமை வந்தது. நாற்பத்து மூன்றாவது வாரத்து வியாழன். காலையில் அவள் ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தேன். சாயங்காலம் நானே எடுத்து உள்ளே வைத்தேன்.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ரெண்டு கடிதம். ஒன்று, "கையும் மண்ணும்" திட்டத்துக்கு மாகாணப் பாராட்டு. அட்டையில் அல்பெர்த்தே சிரிக்கிற படம். இன்னொன்று அவளைப் பற்றியது. "டிவி நேர்காணலில் மாணவி தானாக முன்வந்து மகிழ்ச்சியை வெளிப்படுத்தியுள்ளார். எனவே இவருக்கு இனி ஆதரவு தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டுள்ளது." கீழே எனக்கு ஒரு கேள்வி, ஐந்து முகங்களோடு: "மண்ணின் மீது உங்கள் குழந்தையின் நம்பிக்கை எந்த அளவுக்கு வளர்ந்துள்ளது?" பொலெட்டேக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உங்க உணர்வை நான் மதிக்கிறேன் ஐவின். ஆனா கோப்பு மூடியாச்சு" என்றாள். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

அன்றைக்கே மத்தியானம் ஸ்வென்னிங்கிடம் மண்வெட்டி கேட்டேன். ஏன் என்று கேட்காமல் கொடுத்தார். கூடாரம், நாடா, பலகை எல்லாம் போய்விட்டது. நான் அந்த வரிசையில் மண்டிபோட்டேன். பை மண்ணை விலக்கினேன், நான் புதைத்ததையெல்லாம் வெளியே எறிந்தேன், அடியில் இருந்த அவள் குழிக்குள் போனேன். ஒவ்வொன்றும் சேறு, நாற்றம். ஒன்று, ரெண்டு, ஐந்து, எட்டு. மூக்கைப் பொத்த மனசு வரவில்லை. அதுவும் அவள் போட்டதுதானே. ஸ்வென்னிங் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராவது குழியில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. சின்னக் கோழிமுட்டை அளவு. சிவப்பு. அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. வேர் நூல்கூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கிழங்கு, அத்தனை தண்ணீரிலும் கெடாமல் நின்றிருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். ஸ்வென்னிங் வந்து எட்டிப் பார்த்தார்.

"மோசமில்ல" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

ரெண்டு கையிலும் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பூட்ஸைக் கழற்றவில்லை, கூடம் முழுக்கச் சேறு. அவள் கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தாள்.

"இது உன்னுது" என்றேன். மூச்சு வாங்கியது. "பதினோராவது குழி. நீ போட்டது. நிஜமா நீ போட்டது. பாரு, வேரு இருக்கு பாரு."

அவள் வாங்கிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண்ணைக் கட்டைவிரலால் கொஞ்சம் தேய்த்தாள். வேர் நூலைத் தொட்டுப் பார்த்தாள். என் சேறான முழங்காலையும் கையையும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. என்மேல் இரக்கப்படுகிற மாதிரிதான் இருந்தது.

"நல்லா இருக்கு அப்பா" என்றாள். "இதை எந்தக் கடையில வாங்கின?"